ஜி6பிடி குறைபாடுள்ள குழந்தை: விலக்க வேண்டியவை எவை, இந்த நொதி செய்யும் வேலைதான் என்ன?

கேள்வி: தாமரைக்குளம், ஈப்போ

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகனுக்கு இப்போது பதினான்கு மாதம். பிறந்தவுடன் தொப்புள்கொடி ரத்தத்தில் செய்த சோதனையில் அவனுக்கு ஜி6பிடி குறைபாடு இருப்பதாகச் சொன்னார்கள். மூன்றாம் நாள் மஞ்சள் காமாலை கூடியதால் நீல விளக்கின் கீழ் வைத்திருந்து, அளவு இறங்கிய பிறகே வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளம்பும்போது ஓர் அட்டையைக் கொடுத்தார்கள். மருந்துப் பெயர்கள், பயறு வகைகள், பாச்சை உருண்டை என்று அதில் நீளமாக ஒரு பட்டியல் இருந்தது. ஏன், எதற்கு என்று கேட்டதற்கு, "இவற்றைத் தவிர்த்தால் போதும், கவலைப்பட ஒன்றுமில்லை" என்ற பதிலுக்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை.

கவலைப்படாமல் எப்படி இருப்பது? பட்டியலில் 'பிராட் பீன்ஸ்' என்று இருந்ததை அவரைக்காய் என்றார் என் அக்கா, அவரையை நிறுத்தினோம். மொச்சை, துவரை, பாசிப்பயறு எல்லாம் ஒரே இனம்தானே என்றார் மாமியார், அவற்றையும் நிறுத்தினோம். இப்போது குழந்தை பருப்பே இல்லாத சோறுதான் சாப்பிடுகிறான். அதே மாமியார் போன வாரம், என் கணவர் குழந்தையாக இருந்தபோது உடுத்திய பட்டுச் சட்டையைத் தீபாவளிக்குப் பேரனுக்குப் போட வேண்டும் என்று ஆசையோடு இரும்புப் பெட்டியைத் திறந்தார். திறந்த உடனே பாச்சை உருண்டையின் நெடி கூடம் முழுக்கப் பரவியது. சட்டையின் மடிப்புக்குள் தேய்ந்து தேய்ந்து மிளகளவாகிவிட்ட ஓர் உருண்டை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் சட்டையைக் கையோடு வாங்கிக் கொடியில் போட்டுவிட்டேன். அவர் மனம் வருந்திவிட்டார்.

இந்த நொதி உடலில் அப்படி என்னதான் செய்கிறது? பட்டியலில் இருப்பவற்றில் எவை உண்மையிலேயே ஆபத்தானவை? இதை நோய் என்று சொல்வதா, இல்லையா? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: நுண்ணோக்கி, கோலாலம்பூர்

சகோதரிக்கு வணக்கம். குருதி ஆய்வகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் அந்தச் சட்டையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் செய்தது முற்றிலும் சரி. பாச்சை உருண்டையில் உள்ள நாப்தலீன் ஆவியாகி மூச்சு வழியாகவும், துணியிலிருந்து தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். குழந்தைக்கு எண்ணெய் தடவியிருந்தால் இன்னும் எளிதாகப் போகும். பெட்டியில் வைத்த துணியையும் போர்வையையும் பயன்படுத்தியதாலேயே பச்சிளங் குழந்தைகளுக்கு ரத்தம் சிதைந்ததைக் கிரேக்க மருத்துவர்கள் 1960களிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். உங்கள் அட்டையில் உள்ளவற்றில் சந்தேகத்துக்கே இடமில்லாமல் விலக்க வேண்டிய பொருள் இது.

இனி நொதிக்கு வருகிறேன். ஜி6பிடி என்பது குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரோஜினேஸ் என்ற பெயரின் சுருக்கம். இது உடலின் எல்லா உயிரணுக்களிலும் இருக்கிறது. ஆனால் சிவப்பணுவைப் போல வேறெந்த உயிரணுவும் இதையே நம்பி வாழ்வதில்லை. சிவப்பணு நாள் முழுவதும் ஆக்சிஜனைச் சுமப்பதால், ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற அரிக்கும் பொருள்கள் அதற்குள் ஓயாமல் உண்டாகிக்கொண்டே இருக்கின்றன. அவற்றை அழிப்பது குளுட்டதயோன் என்ற சிறு மூலக்கூறு. ஒவ்வொரு முறை அழிக்கும்போதும் குளுட்டதயோன் மழுங்கிப்போகிறது. மழுங்கிய அரிவாளைச் சாணை பிடிப்பதுபோல அதை மறுபடியும் கூராக்கித் தருவது என்ஏடிபிஹெச் என்ற பொருள். அந்த என்ஏடிபிஹெச்சை உண்டாக்கும் பாதையில் முதல் படியை நடத்துவதுதான் ஜி6பிடி. மற்ற உயிரணுக்களுக்கு என்ஏடிபிஹெச் கிடைக்க வேறு வழிகளும் உண்டு. நொதி தீர்ந்தால் புதிதாகச் செய்துகொள்ளவும் முடியும். சிவப்பணுவிடம் உட்கருவும் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. எலும்பு மஜ்ஜையை விட்டுப் புறப்படும்போது கட்டிக்கொடுத்த சோற்றை வைத்துக்கொண்டுதான் அது 120 நாள் பயணத்தை முடிக்க வேண்டும்.

உங்கள் மகனைப் போன்றவர்களிடம் அந்தக் கட்டுச்சோறு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. நொதி உண்டாகிறது, ஆனால் அதன் அமைப்பில் உள்ள சிறு மாற்றத்தால் விரைவில் சிதைந்துவிடுகிறது. அதனால் இளம் சிவப்பணுக்கள் ஓரளவு தாக்குப்பிடிக்கின்றன. வயதான சிவப்பணுக்கள் நிராயுதபாணிகளாகத் திரிகின்றன. சாதாரண நாள்களில் இது வெளியே தெரியாது. நாப்தலீன் போன்ற ஒன்று உள்ளே வந்தால் குளுட்டதயோன் தீர்ந்து, ஹீமோகுளோபின் உருக்குலைந்து, சிவப்பணுவின் உட்சுவரில் மணிமணியாக ஒட்டிக்கொள்கிறது. மெதில் வயலட் சாயம் இட்டுப் பார்த்தால் அந்த மணிகள் கருநீலமாகத் தெரியும். அவற்றை ஹைன்ஸ் மணிகள் என்கிறோம். மண்ணீரல் அந்த மணிகளைப் பிடுங்கி எடுக்க முயல்வதால், ஓரத்தில் ஒரு கடி கடித்து வைத்த அப்பளம்போலச் சிவப்பணுக்கள் காட்சி தருகின்றன. நள்ளிரவுப் பணியில் அப்படி ரத்தம் பூசிய ஒரு கண்ணாடித் தகட்டைப் பார்த்தால், அறிக்கை எழுதும் வரை காத்திராமல் தொலைபேசியைத்தான் முதலில் எடுப்போம்.

உணவைப் பொறுத்தவரை நீங்கள் நிறுத்தியதில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுக்கலாம். அட்டையில் உள்ள 'பிராட் பீன்ஸ்' நம் அவரைக்காய் அன்று. அது ஃபாவா என்ற வேறொரு செடியின் கொட்டை. அதில் வைசின், கான்வைசின் என்ற இரு பொருள்கள் உள்ளன. குடலில் அவை டிவிசின், ஐசோயுராமில் என்று மாறி, சிவப்பணுவின் குளுட்டதயோனைச் சூறையாடுகின்றன. மத்திய தரைக்கடல் பகுதியில், குறிப்பாகச் சார்டினியாவில், இளவேனிலில் பச்சை ஃபாவா காய்க்கும் காலத்தில் சிறுவர்கள் இதனால் மருத்துவமனைக்கு வருவது நெடுங்காலமாக நடந்திருக்கிறது. நம் அவரையும் மொச்சையும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. அது ஃபாவா இனம் அன்று. துவரைக்கும் பாசிப்பயற்றுக்கும் இதில் எந்தத் தொடர்பும் இல்லை. வளரும் குழந்தைக்குப் பருப்பை நிறுத்தியதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நாளைக்கே பருப்புச் சோறு ஊட்டுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். நீங்கள் ஈப்போக்காரர், புந்தோங் கச்சாங் பூத்தே (வறுத்த கடலை, பயறு நொறுக்குத்தீனி) வீட்டுக்கு வராமல் இருக்காது. வறுத்த கலவைகளில் பெரிய தட்டையான ஃபாவா கொட்டை கலந்திருக்கக்கூடும். அவன் கடித்துத் தின்னும் வயது வரும்போது பார்த்து வாங்குங்கள். தாய்ப்பால் கொடுப்பதாக இருந்தால் நீங்களும் ஃபாவா உண்ண வேண்டாம்.

மருந்துகளில் பிரைமாகுயின், டஃபெனோகுயின், டாப்சோன், ராஸ்பரிகேஸ், மெதிலீன் நீலம், நைட்ரோஃபியூரான்டோயின் ஆகியவற்றின் பெயர்களை மனப்பாடமாக வைத்திருங்கள். காய்ச்சலுக்கு வழக்கமான அளவில் பாரசிட்டமால் கொடுக்கலாம். நம் வீடுகளில் யாரும் நினைத்துப் பார்க்காத இன்னொன்று மருதாணி. அதன் சிவப்புக்குக் காரணமான லாசோன், வேதி அமைப்பில் நாப்தலீனுக்கு உறவுள்ள பொருள். குழந்தைகளுக்கு மருதாணி பூசிய பிறகு ரத்தம் சிதைந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. தீபாவளிக்கு அவன் கையில் வைக்க வேண்டாம்.

பதில் 2: அடையாற்றுக்காரன், சென்னை

சகோதரி, பெரியவர்களுக்கும் இது எப்படி வெளிப்படும் என்பதை நான் பட்டு அறிந்தவன் என்பதால் எழுதுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு வைவாக்ஸ் வகை மலேரியா வந்தது. கல்லீரலில் ஒளிந்திருக்கும் கிருமிகள் மீண்டும் கிளம்பாமல் இருக்க, பதினான்கு நாளுக்குப் பிரைமாகுயின் எழுதிக் கொடுத்தார்கள். நொதிச் சோதனை எதுவும் செய்யவில்லை. மூன்றாம் நாள் காலையில் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. காய்ச்சலின் சூடு என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு இன்னொரு மாத்திரையையும் விழுங்கினேன். மாலையில் மாடிப்படி ஏற முடியவில்லை; கண் மஞ்சளாகியிருப்பதை என் மனைவிதான் பார்த்தார். ஹீமோகுளோபின் 13இலிருந்து 7க்கு இறங்கியிருந்தது. ரத்தம் ஏற்றிப் பிழைத்தேன்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறாத மனக்குறை. மருத்துவமனையில் இருந்தபோதே ஜி6பிடி சோதனை செய்தார்கள். 'இயல்பு' என்று வந்தது. எனக்குக் குறைபாடு இல்லை என்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேறொரு மருத்துவர் மூன்று மாதம் கழித்து மறுபடியும் சோதிக்கச் சொன்னபோதுதான் உண்மை தெரிந்தது. முதல் அறிக்கையை நம்பி அடுத்த முறையும் அதே மாத்திரையை விழுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இப்போது என் பணப்பையில் ஓர் அட்டையை வைத்திருக்கிறேன். உங்கள் மகனுக்குப் பிறந்த அன்றே தெரிந்துவிட்டது என்பது பெரிய கொடுப்பினை. சிங்கப்பூரில் 1965 முதலே பிறக்கும் குழந்தைகளைச் சோதிக்கிறார்கள் என்று படித்தபோது எனக்கு ஏக்கமாகவே இருந்தது.

பதில் 3: நுண்ணோக்கி, கோலாலம்பூர்

ஐயா, உங்களுக்கு நடந்தது ஆய்வகத்தில் நாங்கள் மாணவர்களுக்கு முதலில் சொல்லித்தரும் பொறி. தாக்குதலில் நொதியில்லாத வயதான சிவப்பணுக்கள் அழிந்துவிடுகின்றன. எஞ்சியிருப்பவை நொதி நிறைந்த இளம் சிவப்பணுக்கள். இழப்பை ஈடுகட்ட மஜ்ஜை இன்னும் இளையவற்றை அள்ளி அனுப்புகிறது. அந்த வேளையில் எடுத்த ரத்தத்தில் நொதி போதுமானதாகவே தெரியும். ரத்தம் ஏற்றியிருந்தால் தந்தவரின் நொதியும் கணக்கில் சேர்ந்துவிடும். அதனால்தான் மூன்று மாதம் பொறுக்கச் சொல்கிறோம்.

தாமரைக்குளம், ஒன்று விடுபட்டுவிட்டது. எந்தப் பட்டியலிலும் இல்லாத தூண்டுதல் தொற்று நோய். நிமோனியா, கல்லீரல் அழற்சி, குடல் காய்ச்சல் போன்றவை மட்டுமே சிதைவைத் தொடங்கிவிடலாம். காய்ச்சலின்போது அவன் வெளுத்துப்போனாலோ, கண் மஞ்சளானாலோ, அணையாடையில் தேநீர் நிறக் கறை தெரிந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

தாமரைக்குளம்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றே பருப்பு கடைந்து ஊட்டினேன். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். இன்னும் இரண்டு ஐயங்கள். இது தாய்வழி வருவது என்கிறார்கள். எனக்கு ஏழு வயதில் ஒரு மகளும் இருக்கிறாள், அவளைச் சோதிக்க வேண்டுமா? அடுத்தது என் அப்பாவைப் பற்றியது. அவருக்குச் சர்க்கரை நோய். வீட்டில் விரலில் குத்திப் பார்த்தால் வெறும் வயிற்றிலேயே 160, 170 என்று காட்டுகிறது. ஆனால் மூன்று மாதச் சராசரிச் சோதனையில் 5.9 என்று வருகிறது. கருவி பழுது என்று இரண்டு முறை மாற்றிவிட்டோம். இதற்கும் அந்த நொதிக்கும் தொடர்பு இருக்குமா?

பதில் 4: உயிர்வேதி ஆசிரியை, யாழ்ப்பாணம்

வணக்கம். உங்கள் இரண்டாவது கேள்வி மிகச் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறது, அதிலிருந்தே தொடங்குகிறேன். மூன்று மாதச் சராசரி என்று நாம் சொல்லும் எச்பிஏ1சி, சிவப்பணு ரத்தத்தில் சுற்றிய காலத்தில் அதன் ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியது என்பதன் அளவு. சிவப்பணுவின் ஆயுள் குறைந்தால் சர்க்கரை ஒட்டுவதற்கான காலமும் குறைகிறது. ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இருந்தாலும் எண் தாழ்ந்தே வரும். ஆப்பிரிக்க வழியினரிடையே பரவலாகக் காணப்படும் ஒரு ஜி6பிடி மாற்றம் உள்ள ஆண்களுக்கு இந்த எண் ஏறத்தாழ 0.8 புள்ளி குறைவாக வருவதாக 2017இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே கருவியைக் குற்றம் சொல்ல வேண்டாம். அப்பாவுக்கு நொதிச் சோதனை செய்யுங்கள். குறைபாடு உறுதியானால், வெறும் வயிற்றுச் சர்க்கரை, சிவப்பணுவைச் சாராத ஃப்ரக்டோசமீன் சோதனை, தொடர் சர்க்கரைக் கண்காணிப்பு ஆகியவற்றை வைத்தே மருந்தின் அளவைத் தீர்மானிக்கும்படி அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். 5.9 என்ற எண்ணை நம்பி மருந்தைக் குறைத்துவிடாதீர்கள்.

அப்பாவுக்கு இருக்க வாய்ப்புண்டா என்றால், உண்டு. இந்த நொதிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. ஆணுக்கு ஒரே எக்ஸ். அதைத் தாய் தருகிறாள். உங்கள் மகனுக்கு அது உங்களிடமிருந்தே வந்தது. உங்களுக்கு உங்கள் தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ வந்திருக்கும். தந்தையிடமிருந்து வந்திருந்தால் அவருக்குக் குறைபாடு இருந்தே ஆக வேண்டும். உங்கள் மகளுக்கு அது கிடைத்திருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஆனால் பெண்களைச் சோதிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பெண்ணின் ஒவ்வோர் உயிரணுவிலும் இரண்டு எக்ஸ்களில் ஒன்று உறங்கிவிடுகிறது; எது உறங்கும் என்பது அந்தந்த உயிரணுவின் தற்செயல். அதனால் அவள் ரத்தத்தில் நொதி நிறைந்த சிவப்பணுக்களும் குறைந்த சிவப்பணுக்களும் கலந்தே ஓடும். எர்னஸ்ட் பியூட்லர் 1962இல், பெண்களிடம் எக்ஸ் உறக்கம் நடப்பதை இந்த நொதியை வைத்தே எடுத்துக்காட்டினார். இப்படிக் கலந்திருக்கும் ரத்தத்தைப் புற ஊதா விளக்கின் கீழ் ஒளிர்கிறதா என்று பார்க்கும் எளிய சோதனை 'இயல்பு' என்று விட்டுவிடக்கூடும். மகளுக்கு நொதியின் செயல்திறனை எண்ணாகத் தரும் அளவுச் சோதனையைக் கேட்டுச் செய்யுங்கள். டஃபெனோகுயின், பிரைமாகுயினைப் போன்ற மலேரியா மருந்து; ஒரே வேளை கொடுப்பது, உடலில் பல வாரம் தங்குவது. அதைக் கொடுக்க 70 சதவீதத்துக்கு மேல் செயல்திறன் வேண்டும் என்று விதித்திருப்பதும் இப்படிப்பட்ட பெண்களை மனத்தில் வைத்துத்தான்.

சென்னை ஐயாவின் அனுபவத்துக்கு ஒரு நீண்ட முன்கதை உண்டு. அதை மறக்கக் கூடாது என்று நினைக்கிறேன். இந்தக் குறைபாடு கண்டறியப்பட்டது பிரைமாகுயினால்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொடங்கி, அமெரிக்காவின் இலினாய் மாநிலத்து ஸ்டேட்வில் சிறையில் கைதிகளுக்கு மலேரியாவை ஏற்றி மருந்துகளைச் சோதித்தார்கள். கறுப்பினக் கைதிகளில் சிலருக்கு மட்டும் ரத்தம் சிதைந்தது. அவர்களுடைய சிவப்பணுக்களுக்குக் கதிரியக்கக் குரோமியத்தால் அடையாளமிட்டு மற்றவர்களின் உடலில் செலுத்திப் பார்த்தபோது, அங்கும் அவையே அழிந்தன. அழிந்தவை வயதானவையே என்பது 1954இல் தெரிந்தது. 1956இல் கார்சனும் உடன் பணியாற்றியவர்களும் குறைந்திருப்பது ஜி6பிடி என்று கண்டார்கள். மறுக்கும் உரிமை பெயரளவுக்கே இருந்த மனிதர்களின் உடலிலிருந்து கிடைத்த அறிவு இது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் சோதிக்காமல் அதே மாத்திரையைக் கொடுப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. குறைபாடுள்ளவருக்கும் வழி இருக்கிறது: நாள்தோறும் கொடுப்பதற்குப் பதிலாக, எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.75 மில்லிகிராம் வீதம் வாரம் ஒருமுறை, எட்டு வாரம், மருத்துவக் கண்காணிப்பில் கொடுப்பதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

நோயா என்று கேட்டிருந்தீர்கள். உலகில் 40 கோடிக்கும் மேற்பட்டவர்களிடம் இது இருக்கிறது. மலேரியா வேரூன்றியிருந்த நாடுகளிலேயே மிகுதி. இந்தியாவில் பரவலாகக் காணப்படும் மாற்றங்களில் ஒன்றுக்கு ஒரிசா என்றும் இன்னொன்றுக்குக் கேரளா-கல்யாண் என்றும் பெயர். மலேரியாக் கிருமி புகுந்த சிவப்பணு, நொதி குறைந்திருந்தால் சீக்கிரமே விழுங்கப்பட்டுவிடுகிறது. குறைபாடுள்ள ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு மூளை மலேரியா வரும் வாய்ப்பு குறைவதும், அதே வேளையில் மலேரியாவால் கடும் ரத்தசோகை வரும் வாய்ப்பு கூடுவதும் ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. காப்பும் விலையும் ஒன்றாகவே வருகின்றன. வெள்ளணுவில் இதே நொதி வேறொரு முகம் காட்டுகிறது. சிவப்பணுவில் அரிக்கும் பொருளை அடக்கப் பயன்படும் என்ஏடிபிஹெச், அங்கே கிருமியைக் கொல்வதற்கான அரிக்கும் பொருளை வார்க்கப் பயன்படுகிறது. குறைபாடு மிகக் கடுமையாக உள்ள வெகு சிலரிடம்தான் அந்த வேலை தடைபட்டு, தொற்றுகள் அடிக்கடி வருகின்றன. புற்றுநோய்க் கட்டிகள் பலவற்றில் இந்த நொதி அளவுக்கு மீறி வேலை செய்வதையும் காண்கிறோம்.

உலக சுகாதார நிறுவனம் 2022இல் திருத்திய வகைப்பாட்டில், எப்போதும் ரத்தம் சிதைந்துகொண்டே இருப்பவர்களை ஏ என்றும், தூண்டுதல் வரும்போது மட்டும் சிதைபவர்களை பி என்றும் பிரித்திருக்கிறார்கள். பதினான்கு மாதமாகத் தளர்ச்சியோ வெளிறலோ இல்லாமல் வளரும் உங்கள் மகன் பி வகையாகவே இருப்பான் என்று நினைக்கிறேன். அவனுடைய ரத்த எண்ணிக்கை அறிக்கையை உங்கள் மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். பி வகையினர் பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் ஒரு நாள்கூட இதனால் படுக்காமல் இருந்துவிடுகிறார்கள்.

தாமரைக்குளம்

அம்மா, எத்தனை முறை நன்றி சொன்னாலும் போதாது. அப்பாவை வரும் திங்கட்கிழமை அழைத்துச் செல்கிறேன். மகளுக்கும் அளவுச் சோதனைக்கு எழுதி வாங்கியிருக்கிறேன். மாமியாரிடம் நீங்கள் எல்லோரும் எழுதியதை வாசித்துக் காட்டினேன். அமைதியாகக் கேட்டுவிட்டு, வீட்டில் இருந்த உருண்டைகளைக் குளியலறை மூலையில் கிடந்தது உட்படத் தேடித் தேடி எடுத்து அப்புறப்படுத்திவிட்டார். ஆனால் அந்தப் பட்டுச் சட்டையைத் துவைத்தாவது ஒரு முறை போடலாமா என்று கேட்கிறார். எனக்கும் அவர் ஆசையை மறுக்க மனம் வரவில்லை.

நுண்ணோக்கி

துவைத்து, காற்றோட்டமான இடத்தில் நாள் கணக்கில் உலர விடுங்கள். வெயில் பட்டால் பட்டு நிறம் மங்கும் என்றால் நிழலிலேயே காயட்டும், நாள் கூடுதலாகும். நெடி இருக்கும் வரை நாப்தலீனும் இருக்கிறது. மடிப்பையும் கழுத்துப் பட்டையையும் மூக்கருகே வைத்துப் பார்த்து, துளியும் நெடி இல்லை என்றால் மட்டுமே போடுங்கள். அப்போதும் உள்ளே ஒரு பருத்திப் பனியன் இருக்கட்டும், அன்று எண்ணெய்க் குளியல் முடிந்த கையோடு வேண்டாம். சந்தேகமாக இருந்தால் சட்டையை அவன் தோளில் வைத்துப் படம் எடுப்பதுகூட வேண்டாம், சுவரில் மாட்டி அதன் முன் அவனை நிறுத்தி எடுங்கள். பெட்டிக்குள் இனிமேல் வசம்போ காய்ந்த வேப்பிலையோ போட்டு வைக்கச் சொல்லுங்கள்.